இறுப்பிட்டியில் ஒரு கிரேக்க ஞானி

புங்குடுதீவு இறுப்பிட்டியில் வாசிகசாலை திறந்தது ஐம்பத்தேழாம் ஆண்டு தை மாதத்தில். தில்லைநாதனின் வளவு மூலையில் கிடுகு வேய்ந்த ஒற்றை அறை. உள்ளே இருக்க நீளமாய் இரண்டு வாங்கு, நாலு கதிரை, சுவரில் ஓர் உலகப்படம். வாசலில் ஒரு கரும்பலகை. தில்லைநாதன்தான் செயலாளர். விடிந்ததும் அந்தப் பலகையில் வெண்கட்டியால் ஒரு பொன்மொழி எழுதுவான், கீழே அதைச் சொன்னவரின் பெயரையும் போடுவான். பத்திரிகை யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேரப் பத்து மணியாகும். அதுவரை ஊருக்கு வாசிக்கக் கிடைப்பது அந்த ஒரு வசனந்தான்.

அறையைக் கூட்டித் துடைத்துத் தண்ணீர்ப் பானை நிரப்பி வைப்பது அவன் தங்கை அன்னபூரணத்தின் வேலை. அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஏழில் செவ்வாய் என்று மூன்று சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. அதைப்பற்றி அவள் பெரிதாக அழுததாக யாருக்கும் ஞாபகமில்லை. அவளுக்கு இருந்த ஒரே குறை, தாய் சின்னாச்சியின் சொல்லில், "பிராக்கு". புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் ஊற்றிய கன்றுக்கே மறுபடியும் ஊற்றிக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருகிறவள் போல மெல்லத் திரும்புவாள்.

ஒரு காலையில் கூட்டிக்கொண்டிருந்தவள் பலகையைப் பார்த்தாள். "நிற்க ஓர் இடம் தாருங்கள், இந்தப் பூமியையே அசைத்துக் காட்டுகிறேன்." கீழே ஆர்க்கிமிடீஸ் என்று இருந்தது.

விளக்குமாறு கையிலேயே நின்றது. இவ்வளவு பெரிய கெட்டிக்காரன் நெம்புகோலைக் கேட்கவில்லை, ஆள்பலம் கேட்கவில்லை, நிற்க இடந்தான் கேட்டிருக்கிறான். அப்படியானால் உலகத்தில் அதுதான் கிடைக்காத பொருளோ? ஊர் ஆண்கள் மாத்தறை, காலி, பதுளை என்று கடை வைக்கப் போகிறார்கள். அங்கே எதையெதையோ அசைக்கிறார்கள். வருசத்தில் இரண்டு தரம் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு முற்றத்து மணலில் சும்மா நிற்கிறார்கள். அவர்களுக்கு நிற்க இடம் இதுதான். ஆனால் எப்போதும் இங்கேயே நிற்கிறவள் எதை அசைப்பது? அன்று பகல் முழுவதும் அவள் அதையே யோசித்தாள். சோறு குழைந்து போனது.

அன்றிலிருந்து பலகையைப் பார்க்காமல் அவளுக்குப் பொழுது விடிவதில்லை.

அவளைப் போலவே பலகைக்காகக் காத்திருக்கும் இன்னொருவரும் இருந்தார். ஆழ்வாப்பிள்ளை கிணறு வெட்டுகிறவர். எழுத்து வாசனை இல்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது வேலிப் படலையடியில் நிற்பார்.

"பிள்ளை, இண்டைக்குப் பெரிய மனுசர் என்ன சொல்லியிருக்கினம்?"

அவள் வாசித்துக் காட்டுவாள். அவர் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போவார். டயோஜினிஸ் கதை பலகையில் வந்த நாளில் அவள் அதை விளக்கமாகவே சொன்னாள். வெயில் காய்ந்துகொண்டிருந்த ஞானியிடம் மகா அலெக்சாந்தர் வந்து, உனக்கு என்ன வேண்டும், கேள் என்றாராம். ஞானி, "சற்று விலகி நில், என் வெயிலை மறைக்கிறாய்" என்றாராம்.

ஆழ்வாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "உந்த மனுசன் எங்கட ஊரிலை ஒரு சித்திரை மாசம் இருந்து பார்த்திருக்க வேணும். 'ராசா, உதிலையே நில்லும், அசையாதையும், நிழல் நல்லாய் விழுகுது' எண்டு கும்பிட்டிருப்பான்."

அவளும் சிரித்தாள். ஆனால் அவர் போன பிறகு அவளுக்கு வேறொன்று பிடித்துக்கொண்டது. உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்பது! அவளை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது? தண்ணீர் அள்ளும்போது யோசித்தாள். ஆட்டுக்குக் குழை ஒடிக்கும்போது யோசித்தாள். பொழுது சாய்கிற நேரத்தில்தான் மறுமொழி வந்தது. நாளைக்கும் வந்து இதையே கேளும் என்று சொல்லலாம். அதை நினைத்ததும் தனக்குள்ளே ஒரு சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்போடேயே படுக்கப் போனாள்.

நியூட்டன் சொன்னதாகப் போட்ட வசனம் அவளைக் கடற்கரைக்கே கூட்டிப்போனது. கரையில் சிப்பி பொறுக்கி விளையாடும் ஒரு சிறுவனைப் போன்றவன் நான், உண்மை என்ற பெருங்கடல் அறியப்படாமலே என் முன்னால் கிடக்கிறது என்று அதில் இருந்தது. வற்று நேரம். கடல் தூரத்துக்குப் போய், தகரம் போல வெளுத்துக் கிடந்தது. பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கடல் ஆழக் கடலாக இருந்திருக்கும், பார்த்தால் பயம் வரும் என்று நினைத்தாள். எங்களுடையது நடந்து போகக்கூடிய கடல். உண்மையும் சில இடங்களில் முழங்காலளவுதானோ என்னவோ. சேலை நனையும் என்ற கவலை இல்லாவிட்டால் அப்படியே நடந்து போய்விடலாம்.

இப்படிச் சில வருசங்கள் போயின. அறுபத்திரண்டில் தில்லைநாதன் மாமனின் கடைக்கு மாத்தறைக்குப் போனான். போகும்போது வாசிகசாலைப் பூட்டின் திறப்பையும் பொன்மொழிக் கொப்பியையும் தங்கையிடம் தந்தான்.

"ஒவ்வொரு நாளும் ஒண்டு எழுது. உன்ரை எழுத்து வடிவுதானே. நீதான் எழுதுறாய் எண்டு ஆருக்கும் சொல்லத் தேவையில்லை."

கொப்பியில் முந்நூற்றுச் சொச்சம் வசனங்கள் இருந்தன. முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள். விடியற்காலையில், ஒருவரும் நடமாட முன்னம் எழுதிவிடுவாள். வாசிகசாலைத் தலைவர் வைத்திலிங்கத்தார் எழுதிவைத்துவிட்டுப் போன தாளைப் பார்த்துத் தங்கச்சி கீறிவிடுகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. வைத்திலிங்கத்தார் புகையிரத நிலைய அதிபராக இருந்து பென்சன் எடுத்தவர். தில்லைநாதன் மாத்தறையிலிருந்து தபாலில் தாள்கள் அனுப்புகிறான் என்று அவர் நினைத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்தக் கொப்பியில் அவளுக்கு விளங்காத வசனம் ஒன்று உண்டு. "ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது" என்று ஹெராக்கிளிட்டஸ் என்ற கிரேக்கர் சொன்னது. ஏன் முடியாது? தடுக்கிறது யார்? புங்குடுதீவில் ஆறு இல்லை. குளம் உண்டு, கிணறு உண்டு, சுற்றிவரக் கடல் உண்டு. ஆற்றை அவள் படத்தில்தான் கண்டிருந்தாள். அந்த வசனம் வரும் நாளில் மட்டும் பலகைக்கு முன்னால் நின்று, தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் நிற்பது போல ஒரு கூச்சம் அடைவாள்.

அறுபத்துநாலு ஆடியில் சின்னாச்சி கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்திருந்தாள். தாயும் மகளும் ரயில் ஏறி, மாத்தறையில் தில்லைநாதன் இருந்த கடையில் இரண்டு நாள் தங்கி, பிறகு பஸ்ஸில் கதிர்காமம் போனார்கள். மாணிக்க கங்கையில் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகவேண்டும்.

மருத மரங்கள் இரண்டு கரையிலும் கவிந்து நின்றன. பச்சை வெளிச்சம். அவள் காலை வைத்தாள். மணல் உள்ளங்காலின் கீழிருந்து மெல்ல இளகிப் போனது. தண்ணீர் கணுக்காலைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. அவள் அறிந்த தண்ணீர் எல்லாம் போகும், பிறகு வரும். இது வருவதாகத் தெரியவில்லை. ஒரு மருத இலை அவள் முழங்காலில் தட்டி, ஒரு கணம் தங்கி, கழன்று போனது. அது எங்கே போகிறது என்று வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கரையேறித் தலையைத் துவட்டியவள், துவாயைத் தாயிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் இறங்கினாள்.

"என்னடி, குளிச்சது காணாதே? சனம் பாக்குது!"

"ஒருக்கா இறங்கிப் பாத்திட்டு வாறன், அம்மா."

இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. தண்ணீர் முன்போலவே இழுத்தது. ஆனால் முதல் தரம் இறங்கும்போது நெஞ்சுக்குள் இருந்த பயம் இப்போது இல்லை. அதைத் தேடிப் பார்த்தாள். இல்லவே இல்லை. அது அந்த இலையோடு போய்விட்டது. அந்த ஹெராக்கிளிட்டஸ் சொன்னது சரிதான் என்று தோன்றியது. உடனே, முழுக்கச் சரியுமில்லை என்றும் தோன்றியது. அவர் ஆற்றங்கரையில் பிறந்த மனிதராக இருக்கவேண்டும். தண்ணீர் திரும்பி வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு பெரியவர் சொன்னதற்கு மேலே தனக்கு ஒன்று தெரியும் என்று அன்னபூரணம் நினைத்தது அதுவே முதல் தடவை. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அவள் அந்த நினைப்பைச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

ஊருக்கு வந்த மறுநாள் விடியற்காலை வெண்கட்டியோடு பலகைக்கு முன்னால் நின்றாள். கொப்பியைத் திறக்கவில்லை. "ஆறு போனால் போனதுதான். கடல் போனால் திரும்பி வரும். எந்தக் கரையில் பிறந்தாயோ அந்த அளவுக்கே உனக்கு நம்பிக்கை" என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கீழே பார்த்தாள். பெயர் போடும் இடம் வெறுமையாகக் கிடந்தது. தன் பெயரை எழுதுவது நினைக்கவே முடியாத காரியம். சுவரில் தொங்கிய உலகப்படத்தைப் பார்த்தாள். கிரேக்க நாடு இருக்கும் இடத்தில் கடல் நிறையச் சின்னச் சின்னத் தீவுகள் சிதறிக் கிடந்தன, மண்டைதீவிலிருந்து நெடுந்தீவு வரை கிடப்பது போல. "ஒரு கிரேக்க ஞானி" என்று எழுதிவிட்டு, வீட்டுக்குள் ஓடிப்போனாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை வந்தார், கேட்டார், "இவன் கடலைக் கண்ட மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு கொப்பியிலிருந்து நாலு நாளைக்கு நாலு பெரியவர்கள் வருவார்கள், ஐந்தாம் நாள் கிரேக்க ஞானி வருவார். சில மாதங்களில் அது ஒன்றுவிட்ட நாளானது. கிரேக்க ஞானிக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டாயிற்று. காத்திருக்கிறவர் வீட்டில் மணிக்கூடு உரத்துக் கேட்கும் என்று அவர் சொன்னதை, மாத்தறையில் புருசன் இருந்த பெண்கள் கிணற்றடியில் சொல்லிக்கொண்டார்கள். வேலணையில் ஒரு கலியாண வீட்டில் வைத்திலிங்கத்தார் வாழ்த்துரை வழங்கியபோது, "கிரேக்க ஞானி ஒருவர் கூறியது போல" என்றுதான் தொடங்கினார். பெண்கள் பக்கத்தில் இருந்த அன்னபூரணத்துக்குக் காது சுட்டது. சந்தோசமா, பயமா என்று பிரித்தறிய முடியவில்லை. அன்று முழுவதும் தரையில் கால் பாவாதவள் போலத் திரிந்தாள்.

ஞானியின் வசனங்களில் ஆழ்வாப்பிள்ளைக்கு ஆகப் பிடித்தது ஒன்று. "உவர் சூழ வாழ்பவனே நல்ல தண்ணீரின் சுவை அறிவான்." அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு எந்தக் கிணற்றடியில் நின்றாலும் அதைச் சொல்லத் தொடங்கினார்.

எழுபத்தொன்றில், அறுபத்தெட்டாம் வயதில், அவர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, வழக்கப்படி, படத்தோடும் பாட்டுகளோடும் ஒரு நினைவுப் புத்தகம் அடிக்கவேண்டும். ஊரில் அதைக் கல்வெட்டு என்பார்கள். மகன் தம்பிராசா வைத்திலிங்கத்தாரிடம் வந்தான்.

"ஐயா, அப்புவின்ரை படத்துக்குக் கீழை அந்தத் தண்ணி வசனத்தைப் போடவேணும். கடைசி நாளும் சொன்னவர். ஆர் சொன்னதெண்டு பேர் சரியாய் வரவேணும்."

வைத்திலிங்கத்தார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர். தன்னிடமிருந்த புத்தகங்களைப் புரட்டினார். கொழும்பில் ஒரு பழைய சிநேகிதருக்குக் கடிதம் போட்டார். எங்கும் அகப்படவில்லை. ஒரு பின்நேரம் வளவுக்கு வந்து படலையில் நின்றார்.

"பிள்ளை, அண்ணை அனுப்பின தாளை எடுத்து வாரும். உந்தக் கிரேக்கன்ரை பேரை நான் பாக்கவேணும்."

அன்னபூரணம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"தாள் ஒண்டும் இல்லை, ஐயா."

"அப்ப கொப்பியிலை இருக்கோ?"

"கொப்பியிலையும் இல்லை. அது நான் எழுதினது."

"நீர்தான் எழுதிறனீர் எண்டு தெரியும். எதைப் பாத்து எழுதினனீர்?"

"ஒண்டையும் பாக்கேல்லை. நானா நினைச்சு எழுதினனான். கிரேக்க ஞானி எண்டு ஒருத்தரும் இல்லை, ஐயா."

அவருக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் சிவந்தது.

"ஏழு வருசம்! நான் வேலணையிலை சபையிலை எழும்பி நிண்டு சொன்னனான். என்னைப் பேயனாக்கிப்போட்டீர்."

குடையை ஊன்றித் திரும்பி நடந்தார். மூன்று நாள் வாசிகசாலைப் பக்கம் வரவில்லை. அந்த மூன்று நாளும் பலகை வெறுமையாக இருந்தது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், கறுப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்னபூரணம் கிணற்றடியிலும் ஆட்டுக் கொட்டிலிலும் நின்றாள், ஆனால் மனம் எங்கும் போக மறுத்தது. யோசிக்க ஒன்றும் வராத நாள் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் அறிந்தாள்.

நாலாம் நாள் காலை வைத்திலிங்கத்தார் வந்தார். கையில் ஒரு தடித்த கொப்பி. அதைத் திறந்து அவளுக்குக் காட்டினார். கிரேக்க ஞானியின் வசனங்கள் எல்லாம், திகதியோடு, அவருடைய சாய்ந்த எழுத்தில்.

"மூண்டு நாளும் இதை வாசிச்சனான்," என்றார். "கிழிப்பம் எண்டுதான் எடுத்தனான். ஏலாமல் போச்சு. கிரேக்கன் சொன்னால் நல்ல வசனம், நீர் சொன்னால் பிழையோ எண்டு என்னையே கேட்டன்."

கொப்பியை மூடினார்.

"சரி, இப்ப சொல்லும். கல்வெட்டிலை என்ன பேரைப் போட? அன்னபூரணம் எண்டு போடட்டோ?"

"வேண்டாம், ஐயா. அது முழுக்க என்ரையும் இல்லை. எங்கட வளவிலை கிணறு வெட்டி ஊத்துக் கண்ட அண்டைக்கு, அவர் கையாலை கொஞ்சம் அள்ளி நாக்கிலை விட்டிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிண்டவர். எவ்வளவு நேரமோ நிண்டவர். அந்த முகத்தைப் பாத்துத்தான் எனக்கு அந்த வசனம் வந்தது. ஒரு பேரும் போடாமல் விடுங்கோ."

அப்படியே செய்தார்கள். ஆழ்வாப்பிள்ளையின் படத்துக்குக் கீழே, பெயர் எதுவும் இல்லாமல், அந்த ஒரு வரி. வாசித்தவர்கள் எல்லோரும் அது அவரே சொன்னது என்று எடுத்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மனுசன் எவ்வளவு பெரிய கதை சொல்லியிருக்கிறார் என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். அன்னபூரணம் கேட்டுக்கொண்டு பாயாசம் பரிமாறினாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் வைத்திலிங்கத்தார் விசயத்தைச் சபைக்குச் சொன்னார். முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பொம்பிளை எழுதுகிறதையோ நாங்கள் இவ்வளவு காலமும் வாசித்தோம் என்றார் ஒருவர்.

"வாசிச்சனாங்கள்தான்," என்றார் வைத்திலிங்கத்தார். "வாசிச்சு ஒருத்தருக்கும் ஒண்டும் குறையேல்லை. பதினாலு வருசமாய் இந்த அறையைக் கூட்டுறா. ஒரு நாள் உதிலை ஒரு கதிரையிலை இருந்து பேப்பர் பாத்திருக்கிறாவோ? அதுதான் எனக்கு வெக்கம்."

நெடுநேரம் பேசி, சனிக்கிழமைகளில் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை வாசிகசாலை பெண்களுக்கு என்று முடிவாயிற்று. பலகையில் இனிப் பெயர் போடுவதில்லை என்றும், போட விரும்புகிறவர் போடலாம் என்றும் ஒரு வழவழத்த தீர்மானமும் எழுதப்பட்டது.

முதற் சனிக்கிழமை பதினொரு பெண்கள் வந்தார்கள். கதிரையில் இருக்கச் சிலர் கூசி, வாங்கின் நுனியில் இருந்தார்கள். பத்திரிகையைப் பிரித்த சத்தம் பெரிதாகக் கேட்டது. அன்று பலகையில், "கேள்விக்கு வயது போவதில்லை, மறுமொழிக்குத்தான் நரை விழும்" என்று அன்னபூரணம் எழுதியிருந்தாள்.

ஆவணியில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சறோஜினிதேவி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"எனக்கு அப்பிடிப் படேல்லை, அக்கா."

பத்திரிகை பார்த்திருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள்.

"கேள்வியும் கிழண்டுதான் போகுது. கலியாணத்துக்கு முன்னம் நான் கேட்ட கேள்வியளை இப்ப நினைச்சால் சிரிப்பு வருகுது. ஒண்டுகூட எனக்கு இப்பத் தேவைப்படேல்லை."

இத்தனை வருசமும் அன்னபூரணம் ஆர்க்கிமிடீசோடும் நியூட்டனோடும் மனதுக்குள் கதைத்திருக்கிறாள். அவர்கள் யாரும் திரும்பிப் பேசியதில்லை. அவளுடைய வசனங்களைக் கேட்டு ஊர் தலையாட்டியிருக்கிறது, ஒருவரும் இல்லை என்று சொன்னதில்லை. நெஞ்சுக்குள் என்னவோ இளகுவது போல இருந்தது.

"என்ன கேள்வியள், சறோ?" என்றாள். "ஒண்டைச் சொல்லும் பாப்பம்."

சறோஜினிதேவி சொன்னாள். இரண்டு பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி இல்லை என்றாள், வாங்கின் நுனியில் இருந்தவர்கள் நடுவுக்கு நகர்ந்தார்கள். ஐந்து மணிக்குப் பூட்டவேண்டிய கதவை அன்று ஆறு மணிக்குத்தான் பூட்டினார்கள். பூட்டிய பிறகும் படலையடியில் நின்று கதை தொடர்ந்தது.